அடுப்பை மூடிவிட்டுத் தொட்டியம் வரை

"சிலிண்டர் எங்கங்க?"

ஸ்ரீரங்கத்தில் என் ஆராய்ச்சியின் முதல் நாள், முதல் ஆள், முதல் கேள்வி அதுதான். கேட்டவர் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவர் கையில், சிங்கப்பூரிலிருந்து நான் மடியில் வைத்தே தூக்கி வந்த டேப்லெட். திரையில் பளபளவென்று ஓர் அடுப்பு, ஆறு பர்னர், ஆறு திருகு. சிலவற்றைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், மூடியாயிற்றா என்று பார்க்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

"சிலிண்டர் வேண்டாம் சார். திருகை மூடினா போதும்."

"அது எப்படிங்க போதும்? ரெகுலேட்டர மூடாம இத மட்டும் மூடிட்டு வெளிய வந்தா எங்கம்மா செருப்ப எடுத்துடும்."

அடுத்து வந்த அக்காவும் அடுப்புக்குக் கீழே விரலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், படம் கீழே நகருமா என்று. மதியத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த அடுப்பு வரையப்பட்ட நாட்டில் எரிவாயு சுவருக்குள் குழாயில் வருகிறது. என் வீடு இருக்கும் பிளாக்கிலும் அப்படியே. திருச்சிக்காரருக்கு அடுப்பை அணைப்பது என்றால் குனிந்து சிலிண்டர் தலையில் இருக்கும் ரெகுலேட்டரைத் திருப்புவது. திருகெல்லாம் சும்மா. மனித மூளையை அளக்க வந்தவள், அளவுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நான் படிப்பது ஓசிடி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். கையைக் கழுவிக்கொண்டே இருப்பது மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். பூட்டை, அடுப்பை, சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதும் அதுதான். ஒரு வேலையைச் செய்து முடித்ததும் நமக்குள் சின்னதாக ஒரு 'சரி, ஆச்சு' கேட்கும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையும், அதன் அடியாழத்தில் இருக்கும் சில முடிச்சுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாதை ஒன்று உண்டு. இவர்களுக்கு அந்தப் பாதையில் பேச்சு முடிவதே இல்லை, 'ஆச்சு' வந்து சேருவதில்லை என்பது எங்கள் துறையில் பரவலாகப் பேசப்படும் எண்ணம். வராததைத் தேடி மறுபடி போய்ப் பார்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பார்க்கப் பார்க்க நினைவு தேய்கிறது. யாருக்குமே அப்படித்தான். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கடைசியாகப் பார்த்தது எது, முன்னால் பார்த்தது எது என்று கலங்கிவிடும். விடை சரியாகவே இருக்கும், ஆனால் அதன்மேல் நம்பிக்கை போய்விடும். என் விளையாட்டு அளப்பது அந்தத் தேய்மானத்தைத்தான்.

சாயங்காலம், நான் வந்து இறங்கியிருந்த மனநல மருத்துவமனையின் உளவியலாளர் கோதையிடம் புலம்பினேன். கோயில் மதிலுக்குப் பின்னால் மாடியில் இரண்டே அறை உள்ள இடம். கீழே பாத்திரக்கடை. கோதை ஸ்ரீரங்கத்துப் பெண். பேச்சு, நடை, ஸ்கூட்டர் எல்லாமே வேகம்.

"புது படம் எடுத்துடுங்கோ. அடுப்பு, சிலிண்டர், ரெகுலேட்டர், எல்லாமா. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுண்டு. வாங்கோ, ரவா தோசை சாப்பிடலாம்."

ரவா தோசை எல்லாக் கவலைக்கும் மருந்து என்பதை அன்று கண்டேன். சிங்கப்பூரில் எங்கள் தேக்கா கடைகளிலும் கிடைக்கும், ஆனால் இந்த ஓட்டையும் மொறுமொறுப்பும் அங்கே வராது. காபி வந்த டவராவைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். பக்கத்து மேசைப் பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம், "வெளியூர்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதினார்.

மறுநாள் விளையாட்டை ஆட வர வேண்டியவர் வஹிதா, கோதையிடம் சிகிச்சை பெறுபவர். பாலக்கரையிலிருந்து டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வர வேண்டும். வரவில்லை. போன் செய்தேன்.

"பஸ்ஸு பாலத்துக்கிட்ட வந்துருச்சும்மா. அதுக்கு மேல முடியல. எறங்கி வீட்டுக்கு நடந்துட்டேன்."

"வீட்ல என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. மூடித்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "சிலிண்டர் படம் வேணும்னு கோதை மேடம் சொன்னாங்க. எங்க வீட்டுக்கு வாங்களேன். அதத்தான் நான் வெளிநாட்டுக்கே காட்டிக்கிட்டு இருக்கேன்."

பாலக்கரைச் சந்துக்குள் ஆட்டோ நுழைந்தது. எதிரே இன்னோர் ஆட்டோ. இருவரும் பின்னுக்குப் போக மறுத்தார்கள். "நீ பின்னாடி போடா மாப்ள," "நான் ஏன்டா போகணும், உங்க மாமனார் வீட்டு ரோடா?" என்று உறவு வளர்ந்துகொண்டே போனது. நான் இறங்கி நடந்தேன். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் இருவரும் மௌனமாக ஆளுக்கொரு வீடியோ எடுத்திருப்பார்கள்.

வஹிதாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். வட்ட முகம், சிரிப்புக்கு முன்னால் சிரிக்கும் கண். போன உடனே இடியாப்பமும் பாயாவும் வைத்தார். சாப்பிட்ட பிறகுதான் சமையலறைக்குள் விட்டார். சிவப்பு சிலிண்டர், மூலையில், கோலமிட்ட துணி ஒன்றின்மேல் மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வஹிதாவின் கணவர் ஜப்பார் குவைத்தில் வெல்டர். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே போனவர். வெளியே கிளம்பும் ஒவ்வொரு முறையும் வஹிதா அவரை வீடியோவில் அழைத்து, குனிந்து, ரெகுலேட்டரைக் காட்டுவார். "மூடியிருக்கு, போயிட்டு வா" என்று அவர் சொன்ன பிறகுதான் பூட்டு. இப்போது ஜப்பாரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே போனால் மத்தியானச் சாப்பாடு வரை போன் கூடாது. அன்றிலிருந்து, பாலம் வரை வந்த அந்த ஒரு முறை தவிர, காலையில் தெருமுனையைத் தாண்டவில்லை வஹிதா.

"இதுல இப்ப என்ன வந்துச்சுன்னா," என்று முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார், "எம் பொண்ணு ஷபானாவைத் தொட்டியத்துல கட்டிக் குடுத்திருக்கு. தலைப் புள்ள. ஏழாம் மாசம் நாந்தான் போய்க் கூட்டிட்டு வரணும். அவ மாமியா வீட்டுல, 'உங்கம்மா வருவாங்களா, இல்ல அடுப்பக் காவல் காப்பாங்களா'ன்னு கேக்குறாங்களாம். அவ எங்கிட்ட சொல்லல. பக்கத்து வீட்டுப் புள்ளகிட்டச் சொல்லி அழுதிருக்கா."

கூட்டிவரக் குறித்திருந்தது வரும் ஞாயிற்றுக்கிழமை.

நான் படம் எடுக்கத் தொடங்கினேன். திறந்து ஒரு படம், மூடி ஒரு படம். மேலிருந்து, பக்கவாட்டில், என் கை தெரிய, வஹிதாவின் கை தெரிய. வெளிச்சம் சரியில்லை என்று மறுநாளும் போய் எடுத்தேன். அதற்கும் மறுநாள் கை நிழல் விழுகிறது என்று. அந்த ரெகுலேட்டரின் கறுப்புத் திருகு என் கனவில் வர ஆரம்பித்தது.

புது விளையாட்டைச் செய்து முடித்ததும் முதலில் ஆடியவர் வஹிதா, தன் வீட்டுக் கூடத்திலேயே. கடைசியாக எதை மூடினீர்கள் என்று கேட்ட ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார். ஒரு தப்பு இல்லை. எவ்வளவு நிச்சயம் என்று கேட்டதற்கு மட்டும், கோட்டின் இடது ஓரத்தில், 'கொஞ்சமும் இல்லை' என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தார். ஒவ்வொரு முறையும்.

"அக்கா, எல்லாமே சரியாச் சொல்லியிருக்கீங்க."

"அப்படியா?" என்றார், வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி.

சிங்கப்பூரில் என் பேராசிரியருக்குப் போன் செய்தேன். "அருமையான தரவு," என்றார் ஆங்கிலத்தில். எனக்கு ஏனோ அந்த வார்த்தை அன்று பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. ஜப்பாருக்கு அங்கே விடுமுறை. கோதை பாலக்கரைக்கே வந்து, மூன்று பெண்களுமாகச் சோபாவில் உட்கார்ந்து அவரை வீடியோவில் பிடித்தோம். பின்னால் இரும்புக் கட்டில், கொடியில் காயும் பனியன்.

"அவ கேக்குறா, நான் 'மூடியிருக்கு'ங்குறேன். இதுல என்னங்க தப்பு இருக்கு?" என்றார் ஜப்பார்.

"தப்பில்லை. ஆனா நீங்க சொல்லச் சொல்ல, அவாளுக்குத் தன் கண்ணுமேல நம்பிக்கை போயிண்டே இருக்கு. இனிமே ஒரு தடவை மூடணும். அப்படியே கிளம்பணும். யாரையும் கேக்கப்படாது. கேட்டாலும் நீங்க பதில் சொல்லப்படாது. பயம் வரும். வந்துட்டு, அதுவே இறங்கும்."

ஜப்பார் தலையைக் குனிந்துகொண்டார். "இத்தன வருசமா இங்க உக்காந்துக்கிட்டு அவளுக்கு நான் செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதாங்க."

வஹிதா போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்த அடுப்பக் காட்டத்தான் நாங்க போன எடுக்குறதே. அத விட்டா இவருகிட்ட என்ன பேசுறது?"

பாடப்புத்தகங்களில் இதற்குப் பெயர் உண்டு. நோய்க்கு வளைந்துகொடுக்கும் குடும்பம் என்பார்கள், அதைக் குறைக்க வேண்டும் என்பார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு கல்யாணமே குடியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கோதை மெதுவாக, "போனை நிறுத்தச் சொல்லலையே. அடுப்பைத்தானே நிறுத்தச் சொல்றேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு யார் போவது? பக்கத்து வீட்டுக்காரம்மா இளகின மனசு, வழியெல்லாம் "மூடிட்டே மூடிட்டே" என்று சொல்லிக்கொண்டே வருவார். கோதைக்கு அன்று வேறு வேலை. அவர் பார்வை என்மேல் நின்றது. "நீங்க போறேளா? ஆனா வாயைத் திறக்கப்படாது."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எப்போதுமே வராத கலை. சரி என்றேன்.

ஞாயிறு காலை வஹிதா நாவல்பழ நிறப் புடவையில் தயாராக இருந்தார். தூக்கில் தம்ரூட் என்ற ரவை இனிப்பு, பையில் மல்லிகைப் பூவும் வளையலும். சமையலறைக்குள் போனார், குனிந்தார், நிமிர்ந்தார், வந்தார். பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்க்கக் கை போயிற்று, பாதியில் திரும்பிற்று. "பிஸ்மில்லா" என்று சொல்லி நடந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கோதையின் கட்டளை தெருவரைக்கும் பரவியிருந்தது போலும்.

சத்திரம் பஸ் நிலையத்தில் தொட்டியம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. டிரைவர் பாட்டை அலறவிட்டிருந்தார். எங்கள் ஊர் ரயிலில் தும்மினாலே திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே பாட்டு, கோழி, குழந்தை, அரசியல் எல்லாவற்றோடும் சேர்த்து டிக்கெட். காவிரிப் பாலம் வந்தபோது வஹிதா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இங்கேதானே அன்று இறங்கினார். பாலம் முடிந்தது, ஸ்ரீரங்கம் கடந்தது, கொள்ளிடமும் கடந்தது. பிடி தளரவில்லை. என் கையில் வளையல் அச்சு விழுந்துவிட்டது.

அதன்பிறகு வலதும் இடதும் வாழை, வாழை, வாழை. குணசீலம் வந்தது. மனம் கலங்கியவர்களைக் கூட்டிவந்து பெருமாள் முன்னால் விடுகிற ஊர். வஹிதா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னை இங்க எறக்கிவிட்டுரலாம்னு பிளானா?" என்றார். பின்சீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதிக் கவலை வாழைத்தோப்புக்குள் போய்விட்டது என்று நினைத்தேன்.

முசிறிக்கு முன்னால் பட்டென்று ஒரு சத்தம். பஸ் நொண்டி நின்றது. டயர்.

எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலுக்குப் போனோம். "ஸ்டெப்னி இருக்குல்ல?" "இருக்கு. அதுவும் இதே சாதிதான்," என்று கண்டக்டர் பெருமூச்சு விட்டார். வண்டி ஓடும்போது இல்லாத எல்லாமும் வண்டி நின்றதும் வந்துவிடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வஹிதாவின் மேலுதடு வேர்த்திருந்தது. இடது கை காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்த்திசையில் ஒரு பஸ் வந்து, எங்கள் டிரைவரிடம் நலம் விசாரிக்க நின்றது. நெற்றியில் 'சத்திரம்' என்று எழுதியிருந்தது.

"சத்திரம் யாரும்மா? சும்மா பாக்காதீங்க, ஏறுங்க," என்றார் அதன் கண்டக்டர்.

வஹிதா சாலையைக் கடந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன். படிக்கட்டில் ஒரு கால். கம்பியில் ஒரு கை. தூக்கு என் பக்கம் நீண்டது. "தம்ரூட்ட நீ கொண்டு போயிக் குடுத்துரும்மா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிரு."

"அக்கா..."

"இல்ல, நீ பாத்தியே! நீ கூடத்தானே இருந்தே. ஒரே ஒரு வார்த்த சொல்லு. மூடிட்டேன்னு சொல்லு, நான் ஏறல. தொட்டியம் வரேன். ஒரே வார்த்த."

ஒரே வார்த்தை. ஷபானா அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில் மனதுக்குள் அந்தக் காட்சியைத் தேடினேன். கறுப்புத் திருகு. வஹிதாவின் கை. திருப்பியது... அது இன்று காலையா? இல்லை, வியாழக்கிழமை எடுத்த படமா? வளையல் என்ன நிறம்? இன்று நான் எங்கே நின்றேன்? வாசலில் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேனோ? எத்தனையோ ரெகுலேட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் மூடியிருந்தன. எல்லாம் திறந்தும் இருந்தன.

"எனக்குத் தெரியலக்கா," என்றேன்.

"கோதை மேடம் சொல்லிக் குடுத்ததா?"

"இல்லக்கா. சத்தியமாத் தெரியல. உங்க வீட்டு ரெகுலேட்டர அத்தன தடவ படம் எடுத்து, இப்ப எது எந்த நாளுன்னே தெரியல. எனக்கே இப்போ பயமா இருக்கு. போய்ப் பாத்துடலாமான்னு இருக்கு."

வஹிதா என் முகத்தை உற்றுப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்பது அதில் அப்படியே எழுதியிருந்திருக்க வேண்டும். அவருடைய உதட்டோரம் துடித்தது. முதலில் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"உனக்கும் ஒட்டிக்கிச்சா!" என்று சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கம்பியை விடாமல், தோள் குலுங்கச் சிரித்தார். "படிச்ச புள்ள! மூளைய ஆராய வந்த புள்ள!"

"ஏம்மா, ஏறுறீங்களா, சிரிக்கிறீங்களா?" என்றார் கண்டக்டர்.

வஹிதா காலை எடுத்தார். "நீங்க போங்க தம்பி." பிறகு என்னிடம், இப்போது சிரிக்காமல்: "பயமா இருக்குதானே? அப்படித்தான் இருக்கும். நெஞ்சுல ஏறும். வா, நெழல்ல உக்காரு. தண்ணி குடி."

பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. அது சாலை வளைவில் மறையும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேப்பமரத்தடியில், பயந்தவள் பயந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கோதை சொன்ன மாதிரி பயம் உச்சிக்கு ஏறியது, அங்கேயே நின்றது, பிறகு யாரும் கேட்காமலே ஒரு படி இறங்கியது. நூறு கட்டுரைகளில் படித்திருக்கிறேன். உடம்பில் நடந்தது அன்றுதான்.

ஒருவழியாக ஸ்டெப்னியை மாட்டி பஸ் தொட்டியம் சேர்ந்தது. அங்கே ஷபானா வாசலில் நின்றிருக்கவில்லை. தெருமுனைக்கே வந்துவிட்டிருந்தாள், வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. "அம்மா, வந்துட்டியா," என்றாள். "வராம?" என்றார் வஹிதா, மிக அலட்சியமாக. மாமியார் பாய் விரித்தார். பிரியாணி, தால்சா, முடிவில் தோப்பிலிருந்தே வந்த கற்பூரவல்லிப் பழம். நான் சாப்பிட்ட அளவைப் பார்த்து, "சிங்கப்பூர்ல சோறே கிடையாதாம்மா?" என்று மாமியார் கவலைப்பட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வஹிதாவின் போன் அடித்தது. ஜப்பார். அவருக்கு மதிய இடைவேளை. வஹிதா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு எடுத்தார்.

"எங்க இருக்கே? வீட்டுலயா? அடுப்..." என்று ஆரம்பித்து ஜப்பார் நிறுத்தினார். திரையில் அவர் வாய் திறந்தபடி நின்றது. பழக்கம் அவரையும்தான் விடவில்லை.

வஹிதா போனைத் திருப்பினார். "அடுப்பு கெடக்கட்டும். இதப் பாருங்க." ஷபானாவின் முகத்தைக் காட்டினார். பிறகு, எத்தனையோ வருடம் பழகிய அதே சாமர்த்தியத்தோடு குனிந்து, கோணம் பார்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மகளின் வயிற்றைக் காட்டினார். "உதைக்குது, தெரியுதா? இந்தப் பக்கம். ஏய், கொஞ்சம் திரும்புடி."

"தெரியுது," என்றார் ஜப்பார். "தெரியுது, தெரியுது." அதற்குப் பிறகும் அந்த அழைப்பு வெகுநேரம் போயிற்று. பேச அவர்களுக்கு விஷயம் இருந்தது.

திரும்பும்போது ஷபானா நடுவில், நாங்கள் இருபுறமும். பொழுது சாயும் நேரத்தில் நான் ஸ்ரீரங்கத்துக்காக மாம்பழச்சாலை நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அவர்கள் பாலம் தாண்டிப் போக வேண்டும். இறங்கி ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

"போயிட்டு வரேன்க்கா. வீட்டுக்குப் போனதும்..."

"போன் பண்ண மாட்டேன்," என்றார் வஹிதா. கண் முதலில் சிரித்தது. "மூடியிருந்துச்சா தொறந்திருந்துச்சான்னு நீயும் கேக்கப்படாது. கேட்டாலும் சொல்ல மாட்டேன். கோதை மேடம் உத்தரவு."

பஸ் பாலத்தில் ஏறியது. நான் அங்கேயே நின்றேன், கையில் போன், நெஞ்சில் அரிப்பு.

சிங்கப்பூர் திரும்பிச் சில மாதம் கழித்து ஒரு படம் வந்தது. பச்சைத் துணியில் சுற்றிய பேத்தி, வஹிதாவின் மடியில். பின்னால் கதவு பாதி திறந்திருக்க, சமையலறை தெரிந்தது. மூலையில், கலங்கலாக, சிவப்பாக ஏதோ. இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் கொஞ்சம். கறுப்பாக ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்தது.

விரலை எடுத்தேன். படம் சுருங்கி, குழந்தை முகம் நடுவுக்கு வந்து நின்றது. வஹிதாவின் கண், சிரிப்புக்கு முன்னால்.